கட்டணமா? கப்பமா?

வீடு! இரண்டே எழுத்து. அந்த இரண்டெழுத்தை அடைய, உழைப்பாளி ஒருவன் தன் இருபதாண்டு உழைப்பை வங்கியிலே அடகு வைக்கிறான். மனைவியின் கழுத்தும் காதும் மூளியாகின்றன. வைப்பு நிதி கரைகிறது. மாதச் சம்பளம் அவன் கைக்கு வருமுன், கடன் தவணை தன் பங்கைக் கடித்துக் கொள்கிறது. இத்தனைக்கும் பிறகு ஒருநாள் சாவி கிடைக்கிறது. "அப்பாடா! இனி வாடகை இல்லை, மாதம் பிறந்தால் வீட்டுக்காரர் முகத்தில் விழிக்கும் வேலையில்லை" என்று பெருமூச்சு விடுகிறான்.

அந்த மூச்சு அடங்குமுன் ஒரு சீட்டு வருகிறது. பராமரிப்புக் கட்டணமாம்!

இது என்ன புது வாடகை? விதித்தவர் யார்? எத்தனை நாளைக்கு? எந்தக் கணக்கில்? கேள்விகள் கிளம்புகின்றன. ஆனால் கேட்கவேண்டிய நாள் கடந்துவிட்டது, தோழா! சாவி வாங்கும் நாளில் கேட்கவேண்டிய கேள்விகளா இவை? முன்பணம் நீட்டுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியவை.

ஆவடியிலும் அம்பத்தூரிலும், தாம்பரத்திலும் ஒரகடத்திலும், கோவையின் ஓரங்களிலும் அடுக்கடுக்காக எழும்புகின்றன கட்டடங்கள். அவற்றை வாங்குவோர் ஆலை அதிபர்களல்லர். பேருந்து ஓட்டுநர், பள்ளி ஆசிரியை, தொழிற்சாலைத் தோழர், அரசு அலுவலகத்து எழுத்தர் இவர்கள்தான். ஆகவே இது பணக்காரர் வீட்டுப் பிரச்சினை, நமக்கென்ன என்று ஒதுக்கித் தள்ளுவதற்கில்லை.

முதலில் நியாயத்தைப் பேசுவோம். அடுக்குமாடியிலே உன் வாயிற்கதவுக்கு உள்ளே இருப்பது உனக்குச் சொந்தம். கதவுக்கு வெளியே உள்ள படிக்கட்டு, லிப்ட், மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி, மோட்டார், சுற்றுச்சுவர் ஆகியவை எல்லோருக்கும் சொந்தம். நிலத்திலும் உனக்குப் பிரிபடாத பாகம் உண்டு. படிக்கட்டு விளக்கு தானாக எரியாது. லிப்ட் பழுதானால் தானாகச் சரியாகாது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்துக்கு மின்சாரம் வேண்டும், ஆள் வேண்டும். கோடையில் கிணறு வற்றினால் லாரித் தண்ணீர் வாங்கவேண்டும். பொதுவிலே சொத்து இருந்தால் பொதுவிலே செலவும் இருக்கும். "நான் தரைத்தளக்காரன், லிப்டில் ஏறுவதேயில்லை, நான் ஏன் கொடுக்கவேண்டும்?" என்பவர், தெருவிளக்கின் கீழ் நடப்பதில்லை என்பதற்காக நகராட்சி வரியை மறுப்பவரைப் போன்றவர். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டமும் பராமரிப்புக்கான பங்கைச் செலுத்துவதை வாங்கியவரின் கடமையாகவே வைத்திருக்கிறது.

கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் எதற்கென்று தெரிந்து கொடுத்தால் அது கட்டணம். தெரியாமல் கொடுத்தால் கப்பம்!

விற்பனை முகவர் என்ன சொல்கிறார்? "அண்ணே! சதுர அடிக்கு மூணே ரூபாய்தான். ஒரு டீக் காசுகூட இல்லை!" நம்மவரும் தலையாட்டுகிறார். அந்த மூன்று ரூபாயைச் சற்றே விரித்துப் பார்ப்போமா?

எடுத்துக்காட்டுக்கு ஒரு வீடு. 900 சதுர அடி என்று சொல்லி விற்கப்படுகிறது. உள்ளே போய் அளந்தால் 630 அடிதான் தேறுகிறது. மற்றவை படிக்கட்டிலும் நடைபாதையிலும் சுவரிலும் போய்விட்டன. சட்டப்படி வீட்டுக்குள் புழங்கும் பரப்பு எவ்வளவு என்பதை விற்பவர் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். பராமரிப்புக் கட்டணம் எந்தப் பரப்பின்மேல் என்று நீ கேட்டாயா? கேட்கவில்லை. ஆகவே 900-ஐ மூன்றால் பெருக்கி, மாதம் 2,700 ரூபாய். ஆண்டுக்கு 32,400. "இரண்டாண்டுத் தொகையை முன்கூட்டியே கட்டிவிடுங்கள்" என்கிறார்கள், 64,800. அதன்மேல் சரக்கு சேவை வரி 18 விழுக்காடு, 11,664. போதாதென்று 'கார்ப்பஸ் நிதி' என்று சதுர அடிக்கு 50 ரூபாய், 45,000. கூட்டிப் பார், தோழா! 1,21,464 ரூபாய். டீக் காசு எங்கே வந்து நிற்கிறது பார்த்தாயா?

இதிலே இருவகைப் பணம் கலந்திருக்கிறது. முன்கூட்டி வாங்கும் பராமரிப்புப் பணம் அன்றாடச் செலவுக்கு. கார்ப்பஸ் நிதி நாளைய பெருஞ்செலவுக்கு. பத்தாண்டு கழித்துக் கட்டடத்துக்கு வண்ணம் பூச, தேய்ந்த லிப்டை மாற்ற, கசியும் மொட்டைமாடியைச் செப்பனிட அது வேண்டும். அது உங்கள் சேமிப்பு. கட்டியவருக்குக் கொடுத்த வெகுமதி அன்று. சங்கம் பொறுப்பேற்கும் நாளில், எடுத்த செலவுக்குக் கணக்கும் எஞ்சிய தொகையும் சங்கத்தின் கைக்கு வரவேண்டும். அந்தச் சொல் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா? வாய்ச்சொல்லாக இருந்தால் அது காற்றோடு போகும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. குடியேறிய மறு மழைக்காலத்திலேயே சுவர் ஒழுகுகிறது, குழாய் கசிகிறது. "பராமரிப்பு நிதியிலிருந்து சரிசெய்து விடுகிறோம்" என்று பெருந்தன்மையோடு பேசுகிறார்கள். எவர் வீட்டுப் பணத்தில் எவர் பெருந்தன்மை? சட்டம் சொல்வது வேறு. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள், கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து முறையிட்டால், கட்டியவர் 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். கட்டியவரின் குறையைக் குடியிருப்போரின் கட்டணத்தால் மூடுவது அநீதி.

சட்டம் வேறு சிலவும் சொல்கிறது. வீட்டை உன் கையில் ஒப்படைக்கும் வரை உள்ள வரி, தண்ணீர், மின்சாரச் செலவுகள் கட்டியவர் பொறுப்பு. ஒப்படைத்தபின், சங்கம் ஏற்கும் வரை, அத்தியாவசிய வசதிகளை நியாயமான கட்டணத்தில் அவரே நடத்தித் தரவேண்டும். நியாயமான கட்டணம்! அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள். எது நியாயம் என்பதை வரவு செலவுக் கணக்குத்தான் காட்டும். கணக்குக் காட்ட மறுத்தால், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது முறையிட. எட்டு வீட்டுக்கு மேலும், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலும் எழும் கட்டடம் அங்கே பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்காமல் பையைத் திறக்காதே. விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல், விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கவும் கூடாது. ஆக, கேள்வி கேட்கும் காலத்தைச் சட்டமே உனக்குத் தந்திருக்கிறது.

ஆயினும் சட்டம் ஏட்டிலே தூங்கும். அதைத் தட்டி எழுப்பச் சங்கம் வேண்டும்! ஆலையிலே சங்கம் கண்டவன் நீ. உனக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தனி மனிதன் கேட்டால் முணுமுணுப்பு. நூறு குடும்பம் சேர்ந்து கேட்டால் முழக்கம். தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2022-இல் இயற்றப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்தது. உரிமையாளர் சங்கம் அமைப்பதை அது கட்டாயமாக்கியிருக்கிறது.

சங்கத்தால் கைமேல் பலனும் உண்டு. கட்டியவர் பராமரிப்புப் பணம் வசூலித்தால் 18 விழுக்காடு வரி. உறுப்பினர்களின் சங்கமே வசூலித்தால், தலைக்கு மாதம் 7,500 ரூபாய் வரை வரியே இல்லை. அதைத் தாண்டினாலும் தாண்டிய தொகைக்கு மட்டுமே வரி என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுப் பயன்பாட்டு மின்சாரத்தைப் பாருங்கள். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றிருந்ததை எதிர்த்துக் குடியிருப்போர் குரல் எழுப்பினர். பத்து வீடுகளுக்கு மேற்படாத, மூன்று மாடிக்கு உட்பட்ட, லிப்ட் இல்லாத சிறு குடியிருப்புகளுக்கு 2023 அக்டோபரில் அது 5 ரூபாய் 50 காசாகக் குறைக்கப்பட்டது. குரல் கொடுத்தோர் பெற்றனர்.

சங்கம் அமைத்தாயிற்று, கணக்கும் கைக்கு வந்தாயிற்று. அப்போது ஒரு சோதனை வரும். செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் சிலர் கண் எங்கே போகிறது தெரியுமா? லிப்ட் நிறுவனத்தின் ஒப்பந்தத்தின் மீதா? டீசல் கணக்கின் மீதா? இல்லை! படிக்கட்டைப் பெருக்கும் அம்மாவின் கூலியின் மீது. இரவெல்லாம் விழித்திருக்கும் காவலாளியின் சம்பளத்தின் மீது! தன் முதலாளியிடம் பஞ்சப்படி கேட்டுப் போராடும் தோழன், தன் குடியிருப்பிலே முதலாளியாகி, அடுத்தவன் கூலியில் ஐந்நூறு ரூபாயைக் குறைக்கலாமா? கூலியைக் குறைத்துக் கணக்கை நேராக்குவது சிக்கனமன்று, சிறுமை.

அதனினும் கொடிது ஒன்றுண்டு. ஒழுங்கான இயந்திரத்துக்குக் காசு மிச்சம் பிடிக்க, கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதனை இறக்குவது! 2013-ஆம் ஆண்டின் சட்டம் அதைத் தடைசெய்கிறது. அப்படி இறந்தோர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. இழப்பீடு வரும்; இறந்தவன் வருவானா? எந்தச் சாதியைச் சேர்ந்தவனைக் குழிக்குள் இறங்கச் சொல்கிறார்கள் என்பதும் நாடறிந்தது. சமத்துவம் பேசும் நம் தோழர் குடியிருக்கும் இடத்தில் அந்தக் கொடுமை நடந்தால், அவர் வீட்டு வாசலில் பறக்கும் கொடி தலைகுனியும்.

ஆகவே, புதுவீடு வாங்கப் போகும் தோழா! வரைபடத்தில் சமையலறை எங்கே, பூசையறை எங்கே என்று பார்ப்பது போதாது. மாதம் எவ்வளவு, எந்தப் பரப்பின்மேல், எந்த நாள் முதல், எவ்வளவு உயர்த்தலாம், கார்ப்பஸ் யார் பெயரில், கணக்கு எப்போது, சங்கத்திடம் ஒப்படைப்பு எப்போது என்று இந்த ஏழையும் கேள். விடையை ஒப்பந்தத்தில் எழுதச் சொல். எழுத மறுப்பவரிடம் எழுந்து வந்துவிடு. வாங்கிய பிறகு, உன் பங்கைத் தவறாமல் கட்டு. ஆண்டுக்கொரு முறை கணக்கைத் தவறாமல் கேள். அந்தக் கணக்கிலே பெருக்குபவரின் கூலி நியாயமாக இருக்கிறதா என்று முதலில் பார்.