மனச்சுமையையும் மருத்துவக் குறிப்பில் எழுதுங்கள்: பாலிகஞ்ச் கோரிக்கைச் சாசனம்

மேற்கு வங்க சுகாதாரத் துறைக்கும், கொல்கத்தா மாநகராட்சிக்கும், மாநகரக் காவல்துறைக்கும், பக்கவாதத்துக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளுக்கும்:

நாங்கள் பாலிகஞ்ச், லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி அவென்யூ பகுதிகளில் வாழும் தமிழர்கள். பக்கவாதத்திலிருந்து மீண்டவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினர். கைகால் அசையத் தொடங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சில மாதம் கழித்து, கரியாஹாட் சந்தையில் மீதிச் சில்லறையை எண்ணத் தெரியாமல் அப்பா திகைத்து நிற்கிறார். கரைத்த புளியை மறந்து அம்மா மறுபடியும் கரைக்கிறார். இரவெல்லாம் விழிப்பு. மருத்துவரிடம் சொன்னால், “மனசைத் தைரியமா வெச்சுக்கோங்க” என்கிறார்கள். அறிவுரை சிகிச்சை ஆகாது.

எங்கள் நியாயம்

கொல்கத்தாவில் 52,377 பேரிடம் எடுத்த ஆய்வு 2007இல் வெளியானது. வயதைச் சமன்செய்து கணக்கிட்டால், ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் 145 பேருக்கு முதல் பக்கவாதம் வருகிறது. தாக்கப்பட்டோரில் நூற்றுக்கு 41 பேர் 30 நாளுக்குள் இறந்தார்கள். பிழைத்தவர்களின் அறிவாற்றலும் காக்கப்பட வேண்டாமா?

பக்கவாதம் தாக்கியதும் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி வழியாக அட்ரினல் சுரப்பிக்குக் கட்டளை போகிறது, கார்ட்டிசால் பெருகுகிறது. ஆபத்தில் உடல் தன்னைக் காக்கும் வழி அது. காலையில் ஏறி நள்ளிரவில் இறங்குவது கார்ட்டிசாலின் இயல்பு. இரவிலும் இறங்காவிட்டால், நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸுக்குப் பாரம். அந்த ஹார்மோனின் ஏற்பிகள் அங்கே செறிந்திருக்கின்றன. டெல் அவிவ் நகரின் தபாஸ்கோ ஆய்வில், பக்கவாதம் வந்த புதிதில் உறங்கும் நேரத்து உமிழ்நீரில் கார்ட்டிசால் மிகுந்திருந்தவர்களுக்கு, பின்னாளில் அறிவாற்றல் சோதனைகளில் மதிப்பெண் குறைந்திருந்தது.

கார்ட்டிசால் மிகுதி, மதிப்பெண் குறைவு இரண்டையும் கடுமையான பாதிப்பே விளைவித்திருக்கலாம். கார்ட்டிசாலைக் குறைத்தால் நினைவு திரும்பும் என்று இன்னும் நிறுவப்படவில்லை. ஆகவே நாங்கள் மாத்திரை கேட்கவில்லை. உறக்கமின்மையையும் அச்சத்தையும் சோர்வையும் நோயின் பகுதியாகவே பார்க்கக் கேட்கிறோம்.

கோரிக்கைகள்

1. வீடு திரும்பும் முன்பும், 3, 6, 12ஆம் மாதங்களிலும் நினைவு, கவனம், மொழி ஆகியவற்றைச் சோதித்து, முடிவைக் குறிப்பேட்டில் எழுதித் தர வேண்டும்.

2. சோதனை நோயாளியின் தாய்மொழியில் நடக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அறிவாற்றல் சோதனைத் தொகுப்பு முதலில் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் உருவானது. அந்த ஐந்தில் தமிழ் இல்லை. வங்காள மொழியில் கேட்ட கேள்விக்குத் தடுமாறும் தமிழ் முதியவரை மறதிக்காரர் என்று முடிவுகட்டக் கூடாது.

3. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. ஒவ்வொரு வருகையிலும் உறக்கத்தையும் மனநிலையையும் விசாரியுங்கள். மனநல ஆலோசனையும் பேச்சுப் பயிற்சியும் வார்டு சுகாதார மையத்திலேயே கிடைக்கட்டும்.

4. இரவு அமைதியைக் காக்க வேண்டும். ஒலிபெருக்கிக்குக் கடிவாளம் போட்டு 1996இல் வழிகாட்டியது கல்கத்தா உயர் நீதிமன்றம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. பூஜைக் காலமானாலும் நோயாளி இருக்கும் தெருவை மறக்காதீர்கள். மருத்துவமனை வார்டுகளிலும் இரவு விளக்கைத் தணித்து, அவசரமில்லாத சோதனைகளுக்காக எழுப்புவதை நிறுத்துங்கள்.

5. பராமரிப்பவருக்கும் உடல் உண்டு. தூக்கும் முறை முதல் மாத்திரை வேளை வரை அவருக்குப் பயிற்சி கொடுங்கள். மாதத்தில் சில நாளாவது அவர் ஓய்வெடுக்க, பயிற்சி பெற்ற மாற்றாளை அனுப்புங்கள்.

6. கார்ட்டிசாலும் நினைவும் குறித்துக் கொல்கத்தாவுக்கென ஓர் ஆய்வு வேண்டும். உமிழ்நீர் எடுக்க ஊசி வேண்டாம், வீட்டிலேயே எடுக்கலாம். பாங்கூர் நரம்பியல் நிறுவனமும் பாலிகஞ்ச் அறிவியல் கல்லூரியும் கைகோத்து, ஒப்புதல் தந்த நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் தொடரட்டும். முடிவுகளை எங்களுக்குப் புரியும் மொழியில் சொல்லட்டும்.

எங்கள் உறுதி

முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ ஒரு நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுவோம். மறந்துபோனவரை அதட்ட மாட்டோம். பிள்ளைகள் முன் கேலி செய்ய விடமாட்டோம். உறக்கத்தையும் மனநிலையையும் நாள்தோறும் குறித்து வைப்போம். அடுத்த முறை அந்தக் குறிப்போடு வருவோம். அதைப் படித்துப் பார்த்துவிட்டு எங்களிடம் பேசுங்கள்.