பையா, தூளியா? பதில் டில்லியில்!

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு பெட்டி இறங்குகிறது. உள்ளே, குழந்தைக்கான துணிப்பைகள். அவற்றுக்கு என்ன வரி? பெயரைப் பொறுத்தது! பால்புட்டியும் மாற்றுத்துணியும் சுமக்கும் பயணப்பையா? சுங்க அட்டவணையில் தலைப்பு 4202. குழந்தையையே ஏந்தும் தூளியா? 6307. உறங்கும் மெத்தைப்பையா? 9404.

வேடிக்கையன்று, தோழர்களே! ரூ.2,000 மதிப்புள்ள பொருளை எடுத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 22 முதல் உள்ள விகிதப்படி, 6307 என்றால் சரக்கு, சேவை வரி 5 விழுக்காடு: ரூ.100. செயற்கை இழைப் பயணப்பை என்றால் 18 விழுக்காடு: ரூ.360. சுங்கத் தீர்வை தனி. பாளையங்கோட்டைக் கடைவீதியில் அந்த 260 ரூபாயைத் தருபவள் தாய்!

விகிதத்தை மாற்ற நெல்லைக்கு வழியுண்டா? சுங்கம் முழுவதும் மத்திய அரசின் கையில். சரக்கு, சேவை வரி மன்றத்திலோ, தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். டில்லிக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு. எல்லா மாநிலங்களும் ஒன்றுதிரண்டாலும், டில்லி தலையசைக்காமல் ஒன்றும் அசையாது!

குழந்தையின் அணையாடைக்கு அதே செப்டம்பரில் வரி 12லிருந்து 5 ஆனது. மனமிருந்தால் முடியும் என்பதற்கு அதுவே சான்று. குழந்தைப் பொருள் அனைத்துக்கும், பெயர் எதுவாயினும், 5 விழுக்காடே என்று அறிவிக்கட்டும். தாயின் மடியில் கைவைக்கும் வரி ஒழியட்டும்!