அட்டவணை தயாரிப்பதும் ஆய்வே

அட்டவணை தயாரிப்பது ஆய்வுக்கு முந்தைய எடுபிடி வேலை என்ற எண்ணம் நம் பல்கலைக்கழகங்களில் வேரூன்றியிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டு வானியலின் ஒரு முயற்சி அவ்வெண்ணத்தை மறுக்கிறது.

கதிரவன் ஓராண்டில் கடந்து செல்வதாகத் தோன்றும் பாதை கதிர்வீதி. கோள்களும் பெரும்பாலான சிறுகோள்களும் அதை ஒட்டியே நகர்கின்றன. தொலைநோக்கியில் சிறுகோளும் மங்கலான விண்மீனைப் போன்றதொரு புள்ளியே. நிலையாக நிற்பவை எங்கெங்கே உள்ளன என்று அறிந்தவரே நகர்வதை இனங்காண முடியும்.

அயர்லாந்தின் மார்க்ரீ வானாய்வகத்தில் எட்வர்ட் கூப்பரும் அவருடைய உதவியாளர் ஆண்ட்ரூ கிரகாமும் அந்த அறிவையே தேடினர். 1848 ஏப்ரலில் மெட்டிஸ் என்னும் சிறுகோளைக் கிரகாம் கண்டறிந்தார். அதே ஆண்டில், கதிர்வீதியை ஒட்டிய விண்மீன்களின் இருப்பிடங்களை முறையாக அளக்கும் பணி தொடங்கியது. 1851 முதல் 1856 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்த அட்டவணையில் 60,066 விண்மீன்கள் இடம்பெற்றன. அவற்றுள் முன்பே பட்டியலிடப்பட்டிருந்தவை ஒன்பதாயிரத்துக்கும் குறைவு.

மெட்டிஸ் கிரகாமுக்குப் புகழ் தந்தது. அட்டவணையோ, பின்வரும் எவரும் எடுத்துப் பயன்படுத்தத்தக்க கருவியாயிற்று. சுவடிகளையும் கல்வெட்டுகளையும் தாவரங்களையும் அட்டவணைப்படுத்தும் இளம் ஆய்வாளரிடம் “இதில் புதிய கண்டுபிடிப்பு என்ன?” என்று கேட்கும் மதிப்பீட்டுக் குழுக்கள், ஏற்கெனவே உள்ளது எது என்று தெரியாமல் புதியதை எவ்வாறு அறிவது என்று எண்ணிப்பார்க்க வேண்டும். நல்ல அட்டவணைக்கு ஆய்வேட்டுக்கு நிகரான மதிப்பு வழங்குவதும், அதில் உழைத்த உதவியாளரின் பெயரைப் பொறிப்பதுமே முறை.