பல் கூறும் சாட்சி

மாடு வாங்கச் செல்லும் கமக்காரன் முதலில் அதன் வாயைத் திறந்து பார்க்கிறான். விற்பவன் எத்துணை புகழ்ந்துரைப்பினும், பல்லே அதன் வயதைக் கூறிவிடும். மனிதர்க்கும் இஃதொக்கும். முதற் கடைவாய்ப்பல் ஆறு வயதளவிலும், இரண்டாவது பன்னிரண்டு வயதளவிலும் முளைக்கின்றன. தசை அழிந்து எலும்பு சிதைந்த பின்னரும் பல் எஞ்சி நிற்கும்.

இதனை நாம் இன்று எழுதுவதற்குக் காரணம் செம்மணி. 1999ஆம் ஆண்டில் அங்கு 15 உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. 2025ஆம் ஆண்டிலோ, சித்துப்பாத்தி மயானத்தில் வெளிப்பட்ட எலும்புக்கூடுகளின் தொகை இருநூற்றைத் தாண்டிற்று. பள்ளிப் பையும் விளையாட்டுப் பொம்மையும் அவற்றோடு கிடந்தன. இவர்கள் யாவர்? நீதிமன்றத்தின் முன் நிற்கும் இவ்வினாவுக்கு விடை பெறாமல், கொன்றவர் யாரென்ற வினாவை எழுப்புவது எங்ஙனம்?

பல்லைக் கொண்டு ஒருவரின் பெயரை அறிவதற்கு, அவர் உயிரோடிருந்த காலத்துப் பதிவு வேண்டும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின்னர், தாய்லாந்தில் முதல் மாதங்களில் அடையாளங் காணப்பட்ட வெளிநாட்டவருட் பெரும்பாலோர் பற்களாலேயே அறியப்பட்டனர். அவர்தம் ஊர்ப் பல் வைத்தியர்கள் பதிவேடுகளைப் பேணியிருந்தனர். எங்கள் கரையோரத்திலோ, பலரைப் பெயரறியாமலே புதைத்தோம்.

நம் பல் வைத்தியர்களுள் எத்தனை பேர் தாம் பிடுங்கிய பல்லையும் அடைத்த பல்லையும் எழுதி வைக்கின்றனர்? ஒரு துண்டுத் தாளில் குறித்து நோயாளியிடமே கொடுத்துவிடுவதோடு கடமை முடிந்துவிடுவதாகப் பலர் எண்ணுகின்றனர். கூட்டம் மிகுந்த ஆசுப்பத்திரியில் நேரமேது என்பர். ஒரு பற்படத்திற் குறியிட இரண்டு நிமிடம் போதுமே!

மாணவப் பருவத்திற் கேட்ட சில விரிவுரைகளோடு சாட்சிக் கூண்டில் ஏறி, எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் குறுக்கு விசாரணைக்கு ஈடுகொடுத்தல் இயலாது. சட்ட வைத்திய அதிகாரியின் அருகில் அமர்ந்து பணியாற்றவல்ல பல் வைத்தியர் சிலரையேனும் வடக்கிலும் கிழக்கிலும் முறையாகப் பயிற்றுதல் வேண்டும். சுகாதார அமைச்சு இதற்கு நிதி ஒதுக்கவேண்டும். பல் வைத்திய சங்கத்தார் அதனைக் கேட்டு வாங்கவேண்டும். கேளாமல் இந்நாட்டில் எமக்கு எது கிடைத்தது?

காணாமற் போனோரின் உறவினர்க்கும் ஒன்று கூறுவோம். பல் தெரியச் சிரித்த பழைய நிழற்படம், பல் வைத்தியர் எழுதிய சீட்டு, கழற்றி வைத்த பொய்ப்பல் ஆகிய எதுவாயினும் பெட்டியில் இருக்கட்டும். குப்பையென்று எரித்துவிடாதீர்கள்.