சளிதானே என்று விடலாகாது

குளிர் தொடங்கியதும் கொல்கத்தாவில் வீடுதோறும் கேட்கும் தொடர் 'டண்டா லேகேச்சே': குளிர் பிடித்துவிட்டது. வெறும் மூக்கொழுகலும் அத்தொடரில் அடங்கும். நிமோனியாவின் முதல் நாளும் அடங்கும். குரங்குக் குல்லாயும் மருந்துக்கடை மாத்திரையும் போதும் என்பது நகரத்தின் நம்பிக்கை. பெரும்பாலோர்க்கு அது பொய்ப்பதில்லை. மயஸ்தீனியா கிராவிஸ் நோயாளிகளுக்கு அது உயிராபத்தாக முடியலாம்.

2025 ஜனவரியில் புணேயில் கில்லன்-பாரே நோய் பரவி, கொல்கத்தாவிலும் உயிரிழப்புகள் செய்தியானபோது, தொற்றுக்கும் நரம்புத் தளர்ச்சிக்கும் உள்ள தொடர்பு பொதுவெளியில் பேசப்பட்டது. பேச்சு பெரும்பாலும் குடிநீரோடு நின்றது. குடல் தொற்றைப் போலவே மூச்சுத்தொற்றுக்குப் பின்னும் கில்லன்-பாரே வரக்கூடும். அங்கே தொற்று புதிய நோயைத் தூண்டுகிறது. மயஸ்தீனியாவிலோ இருக்கும் நோயை முற்றச் செய்கிறது.

மயஸ்தீனியாவில், நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்திலுள்ள ஏற்பிகளை உடலின் எதிர்ப்பொருள்களே தாக்குகின்றன. தொற்றை எதிர்த்து எழும் நோயெதிர்ப்பு இத்தாக்குதலையும் முடுக்கிவிடக்கூடும். சளி பெருகும், அதை இருமித் தள்ளத் தசைக்கு வலுவிராது. நோயாளிகளில் ஏறக்குறைய 15 முதல் 20 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருமுறையேனும் மூச்சுத்தசைகள் செயலிழக்கும் நெருக்கடியை அடைகின்றனர். அதைத் தூண்டுவனவற்றுள் தொற்றே முதன்மையானது.

இங்கு இரண்டு தவறுகள் திருத்தப்பட வேண்டும். முதலாவது, மருந்து. மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத அசித்ரோமைசின் பல கடைகளில் கேட்டதும் கிடைக்கிறது. வைரஸ் சளியை அது குணப்படுத்தாது. ஆனால் அதுவும் லெவோஃப்ளாக்சசின் வகை மருந்துகளும் மயஸ்தீனியாவின் தசைத் தளர்ச்சியைக் கூட்டக்கூடும்.

இரண்டாவது, சொல். வங்காளத்தின் 'துர்பல்' அசதியையும் குறிக்கும், தசை வலுவிழப்பையும் குறிக்கும். தமிழின் 'பலவீனம்' அவ்வாறே. காய்ச்சல்காரர் அச்சொல்லைச் சொன்னால் எவரும் ஓய்வெடுக்கவே சொல்வர். எனவே சொல்லின் பொருளோடு, அதைச் சொல்லும் குரலையும் கேட்க வேண்டும். பேச்சு மூக்கொலியாக மாறுகிறதா, குழறுகிறதா, தொடரின் நடுவே மூச்சுக்காக நிற்கிறதா? ஒரே மூச்சில் எண்ணச் சொன்னால் நலமுள்ளவர் ஏறத்தாழ 50 வரை எண்ணுவார். 20-ஐ எட்டாதவருக்கு மூச்சுத்தசை தளர்ந்திருக்கலாம். பல்ஸ் ஆக்சிமீட்டர் அப்போதும் சரியான அளவையே காட்டக்கூடும். அது இறங்கும் வரை காத்திருப்பது பிழை.

பாங்கூர் நரம்பியல் நிறுவனம் அமைந்த நகரம் இது. நெருக்கடியை ஆற்றும் மருத்துவமும் உண்டு: இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்றம், செயற்கைச் சுவாசம். அங்கே போய்ச் சேருமுன் வீட்டிலும் கடையிலும் கழியும் இரண்டு மூன்று நாட்களே உயிரைப் பறிக்கின்றன. நோயின் பெயரும் தவிர்க்க வேண்டிய மருந்துகளும் எழுதிய அட்டை ஒவ்வொரு நோயாளியின் சட்டைப்பையிலும் இருக்கட்டும். உயிரற்ற வைரஸால் ஆன ஃப்ளூ தடுப்பூசி பற்றி மருத்துவர் தாமே முன்வந்து பேசட்டும். மருந்துக்கடைக்காரர் மாத்திரையை நீட்டுமுன் ஒரு கேள்வி கேட்கட்டும்: வேறு நோய் ஏதும் உண்டா?