சுருள் வாலும் கோணல் முதுகும்



'நாய்க்கெல்லாம் ஒரு கட்டுரையா?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். "வேலை கிடைச்சதும் ஒரு பிரெஞ்சு புல்டாக் வாங்கணும்டா, இல்லேன்னா ஒரு பக்காவது" என்று ஹாஸ்டல் வராந்தாவில் கனவு காண்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! 2003-இல் ஹட்ச் விளம்பரத்தில் சிறுவன் பின்னாலேயே ஓடிவந்தது பாருங்கள், அந்த பக்கிலிருந்து தொடங்கிய மோகம் இது. வாங்குமுன் ஒரு நிமிஷம் அதன் முதுகெலும்பைப் பற்றிப் பேசுவோமா?

புல்டாக், பிரெஞ்சு புல்டாக், பாஸ்டன் டெரியர் மூன்றுக்கும் திருகின குட்டை வால். 'என்ன அழகு!' என்கிறோம். அது அழகல்ல, எலும்புக் குறை. முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவும் உருளை போல வளர வேண்டும். கருவிலேயே ஒரு பாதி வளராமல் போனால் கணு ஆப்பு வடிவமாகிவிடும். செங்கல் வரிசைக்கு நடுவே ஆப்பைச் செருகினால் சுவர் நேராக நிற்குமா? வாலில் நேர்ந்தால் வால் சுருளும், அதோடு சரி. நடுமுதுகில் நேர்ந்தால் முதுகு கூன்விழுந்து, உள்ளே ஓடும் தண்டுவடம் நசுங்கலாம். பின்னங்கால் தள்ளாடும், சிறுநீரை அடக்க முடியாது. எல்லா நாய்க்கும் இப்படி ஆவதில்லை. எக்ஸ்ரேயில் குறை தெரிந்தாலும் ஆயுசு முழுக்க ஓடியாடும் நாய்களும் உண்டு. ஆனால் கூடையில் தூங்கும் குட்டியைப் பார்த்து அதன் கதி எதுவென்று யாரால் சொல்ல முடியும்?

2018-இல் அமெரிக்காவில் டேவிஸ் நகர கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தத் திருகு வாலோடு தொடர்புள்ள ஜீன் மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். டி.வி.எல்.2 என்பது அந்த ஜீனின் பெயர். புல்டாக், பிரெஞ்சு புல்டாக் இரண்டிலும் ஏறக்குறைய எல்லா நாய்களிடமும் அந்த மாற்றம் இருக்கிறது! பக்கிலும் ஆப்புக் கணு சகஜம்தான். ஆனால் அதற்கு இந்த ஜீன் காரணமல்ல.

ஃபவுண்டரி ஷாப்பில் நாம் படித்தது என்ன? பேட்டர்ன் கோணலென்றால் வார்ப்பும் கோணல். வந்த வார்ப்பையெல்லாம் சோதித்து என்ன பயன்? பேட்டர்னை அல்லவா மாற்ற வேண்டும்! ஓர் இனம் முழுவதும் ஒரே குறை பரவியிருக்கும்போது, அந்த இனத்துக்குள்ளேயே நல்ல ஜோடி தேடுவது வீண் வேலை. வெளியிலிருந்து வேறு இன ரத்தம் வந்தே தீர வேண்டும்.

"ஐயோ, தூய இனம் கெட்டுப்போகுமே!" என்பார்கள். எந்தத் தூய்மை? பாஸ்டன் டெரியரே 19-ஆம் நூற்றாண்டில் புல்டாக்கையும் டெரியரையும் கலந்து உண்டாக்கியதுதானே. அன்று கலந்தவர்கள் இன்று ஆரோக்கியத்துக்காகக் கலந்தால் குடியா முழுகிப்போகும்?

நார்வே இதைக் கோர்ட்டுக்கே கொண்டுபோனது. கேவலியர் என்ற சின்ன நாய்க்கு மண்டையோடு சிறிது, மூளைக்கு இடம் போதாது. அதனால் பல நாய்களின் தண்டுவடத்துக்குள் நீர்க்குழிகள் உண்டாகின்றன. 2022 ஜனவரியில் ஆஸ்லோ கோர்ட், கேவலியர், புல்டாக் இரண்டையும் இனவிருத்தி செய்வது சட்டவிரோதம் என்றது. அதே ஆண்டு நவம்பரில் அப்பீலில் புல்டாக் தப்பியது. கேவலியர் மீதான தீர்ப்பை 2023-இல் உச்சநீதிமன்றமும் உறுதி செய்தது.

கோர்ட் சொல்வது இருக்கட்டும், நண்பர்களே. வாங்குகிறவன் கேட்பதைத்தான் விற்கிறவன் உண்டாக்குவான். நாம் இறுகின வாலைக் கேட்டால் அதுதான் சந்தைக்கு வரும். தாய் தகப்பன் நாய்களின் முதுகு எக்ஸ்ரேயைக் கேட்டுப் பாருங்கள். காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். வரும் வழியில் நீண்ட வாலை ஆட்டிக்கொண்டு ஒரு தெருநாய்க் குட்டி நிற்கும். என் ஓட்டு அதற்குத்தான். உங்கள் ஓட்டு?