ஊட்டிக் குளிரிலும் கம்ப்யூட்டர் படுக்கும்!

"ஊட்டிக் குளிரில் கம்ப்யூட்டர் எப்படிச் சூடாகும்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆகும்! ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி, கடலோர ஊர்களைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிப்போகும் சூடு குறைவு. குளிரால் வரும் லாபத்தில் ஒரு பங்கு அங்கேயே காலி. உள்ளே தூசி வேறு!

கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டூடியோக்காரருக்கு இது வயிற்றுப்பாடு. பாதி வேலையில் மெஷின் படுத்தால், "கிராபிக்ஸ் கார்டு போச்சு, புதுசு போடுங்க" என்பார்கள். பல ஆயிரம் ரூபாய்க்கு வேட்டு!

அவசரம் வேண்டாம். வேலை ஓடும்போது கார்டின் சூட்டைப் பாருங்கள். 90 டிகிரியை நெருங்கினால் தூசி தட்டி, ஃபேனைக் கவனியுங்கள். சூடு ஏறாமலே பொசுக்கென்று அணைந்தால் சந்தேகம் பவர் சப்ளை மீது. ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு முழு வேலையில் 170 வாட் இழுக்கும். அதற்கு 550 வாட் சப்ளை வேண்டும் என்கிறது கம்பெனி. மட்டமான சப்ளை தாங்குமா? சாயங்காலம் கீசரும் ஹீட்டரும் ஓடி வோல்டேஜ் இறங்கினால் கேட்கவே வேண்டாம்!

நல்ல பவர் சப்ளை ஒன்றை மாட்டிப் பார்த்த பிறகே கார்டைக் குறை சொல்ல வேண்டும். சோதித்துக் காட்டுவது கடைக்காரர் கடமை. அதற்குக் கூலி கொடுப்பது நம் கடமை!